பூ ஒன்று, விலை 14 ஆண்டுக் கூலி!

1637-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள். நெதர்லாந்து நாட்டில் ஆல்க்மார் என்னும் ஊரில் ஓர் ஏலம் நடந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உதவுவதற்காக, அவர்களுடைய தந்தை விட்டுச்சென்ற சொத்து ஏலத்துக்கு வந்திருந்தது. சொத்து என்றதும் நிலம், நகை, வீடு என்று எண்ணிவிடாதீர்கள். டியூலிப் என்னும் பூச்செடியின் குமிழங்கள்! நம் வீட்டு வெங்காயத்தைத் தாவரவியல் பாடத்தில் குமிழம் என்று படித்திருப்பீர்கள் அல்லவா? பார்வைக்கு ஏறத்தாழ அதே மாதிரிதான் இதுவும் இருக்கும். அந்த ஏலத்தில் 'வைஸ்ராய்' என்ற வகையைச் சேர்ந்த ஒரே ஒரு குமிழம் 4,200 கில்டருக்குமேல் விலை போயிற்று. தொழில் தெரிந்த ஒரு தச்சர் அந்நாளில் ஆண்டு முழுவதும் உழைத்துச் சம்பாதித்தது சுமார் 300 கில்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு பூண்டுச் செடிக்கு 14 ஆண்டுக் கூலி!

அந்தப் பூவில் அப்படி என்ன இருந்தது? வெள்ளை இதழில் தீச்சுவாலைபோல் மேலேறும் ஊதா நிறக் கோடுகள் இருந்தன. அவ்வளவுதான். கோடு இல்லாத டியூலிப் மலிவாகவே கிடைத்தது. ஆனால் எந்தச் செடியில் கோடு விழும், எதில் விழாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சென்ற ஆண்டு முழுச் சிவப்பாகப் பூத்த செடி இந்த ஆண்டு திடீரென்று வெள்ளையும் சிவப்புமாகப் 'உடைந்து' பூக்கும். ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின.

அந்தக் காலத்துப் பூக்களை நினைவூட்டும் பாத்திகளை அமைத்து, உலகெங்கிலுமிருந்து மக்களை வரவழைக்கும் ஒரு பெரிய தோட்டம் அதே நாட்டில் இருக்கிறது. கோய்க்கன்ஹோஃப் என்பது அதன் பெயர். வாருங்கள், அதைச் சுற்றி வருவோம். நான் பௌதிக ஆசிரியன். ஆகையால் பூவைப் பார்த்தவுடன் வெப்பம், ஒளி, நீர் என்று பேசத் தொடங்கிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைத் தோட்டம்

ஆம்ஸ்டர்டாம் நகருக்குத் தென்மேற்கே லிஸ்ஸே என்ற சிற்றூரில் இத்தோட்டம் உள்ளது. பரப்பு 32 ஹெக்டேர், அதாவது சுமார் 80 ஏக்கர். டச்சு மொழியில் 'கோய்க்கன்' என்றால் சமையலறை. 'ஹோஃப்' என்றால் தோட்டம். 15-ஆம் நூற்றாண்டில் ஜக்கோபா என்னும் சீமாட்டியின் மாளிகைச் சமையலுக்கு இந்த இடத்திலிருந்துதான் காயும் கீரையும் போயின. 1641-இல் இங்கே ஒரு கோட்டை வீடு எழுந்தது. அதைக் கட்டியவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஒருவர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்ததே, அதே கம்பெனிதான். 1857-இல் ஸோகர் என்னும் தோட்டக்கலைஞரும் அவருடைய மகனும் இப்போதுள்ள வளைந்த பாதைகளையும் குளத்தையும் வகுத்துத் தந்தார்கள்.

பூந்தோட்டமாக மாறியது வெகு பிற்பாடு. 1949-இல் குமிழம் பயிரிடும் விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களுமாக 20 பேர் சேர்ந்து, தங்கள் சரக்கைப் பூத்த நிலையிலேயே வாங்குபவருக்குக் காட்டிவிடலாமே என்று திட்டமிட்டார்கள். 1950-இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆக, இது ஒரு கடைப் பலகைதான். ஆனால் எத்தனை பெரிய பலகை!

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். தோட்டம் திட்டமிடப்படுவதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். நடுவதற்கு வழியில்லாமல் கிடங்குகளில் கிடந்த டியூலிப் குமிழங்களை மக்கள் வேகவைத்துத் தின்றார்கள். அவற்றில் மாவுச்சத்து உண்டு. ஆனால் நடுவிலுள்ள முளையை நீக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது. அதை எப்படிப் பக்குவப்படுத்துவது என்று வீட்டுப் பெண்களுக்கு அறிவுறுத்தல்களும் தரப்பட்டன. 1950-இல் முதன்முதலாக இத்தோட்டத்தில் நடந்தவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பூவின் குமிழத்தை உண்டு உயிர் தப்பியவர்களாக இருந்திருப்பார்கள்.

குளிரை எண்ணும் குமிழம்

தோட்டம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மார்ச் மாதப் பிற்பகுதியிலிருந்து மே மாதம்வரை சுமார் 8 வாரங்கள் மட்டுமே. அந்த 8 வாரத்துக்காக முந்தைய இலையுதிர் காலத்திலேயே சுமார் 70 லட்சம் குமிழங்களைத் தோட்டக்காரர்கள் கையால் நட்டுவிடுகிறார்கள். டியூலிப் மட்டுமல்ல, டாஃபடில், ஹயசிந்த், குரோகஸ் ஆகியவையும் உண்டு. ஆண்டுதோறும் புதுக் குமிழங்கள், புது வடிவங்கள்.

ஏன் குளிர்காலத்துக்கு முன்பே நடவேண்டும்? டியூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியென்ஷான் போன்ற மலைப்பகுதிகள். அங்கே கடுங்குளிரில் பூத்தால் செடி செத்தது! ஆகவே குளிர்காலம் வந்துபோயிற்றா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பூத்தண்டை நீட்டும் பழக்கம் இச்செடிக்கு ஏற்பட்டிருக்கிறது. மூன்று, நான்கு மாதங்கள் சுமார் 9 டிகிரி செல்சியசுக்குக் குறைவான குளிர் கிடைக்கவேண்டும். அக்காலத்தில் குமிழத்திலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிறது. சர்க்கரை கரைந்த நீர் உறைவதற்குத் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மதுரையிலோ திருச்சியிலோ இந்தக் குமிழத்தை நட்டால் இலை வரலாம். ஒழுங்கான பூ வராது. ஸ்ரீநகரில் வரும். அங்கே டால் ஏரிக்கரையில் 2007-இல் திறக்கப்பட்ட பெரிய டியூலிப் தோட்டம் இதற்குச் சான்று.

குளிர்காலத்தின் நடுவில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் குமிழம் ஏமாந்துவிடாதா? இங்கேதான் மண் உதவுகிறது. மேற்பரப்பில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும். அந்த ஏற்றத்தாழ்வு மண்ணுக்குள் இறங்க இறங்கத் தேய்ந்துபோகும். ஈரமணலில் 12 முதல் 15 செ.மீ. ஆழத்திற்குள் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அது மட்டுமா? நண்பகல் சூடு அந்த ஆழத்தை எட்ட ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதமாகும். ஆனால் ஓர் ஆண்டு முழுவதற்குமான கோடை-குளிர் மாற்றம் இவ்வளவு எளிதில் தேயாது. மாற்றம் மெதுவானால் அது ஆழமாக இறங்கும். ஆழம் கால அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 365-இன் வர்க்கமூலம் சுமார் 19. ஆகவே ஒரு நாளின் வெப்ப அலையைவிட ஆண்டின் வெப்ப அலை 19 மடங்கு ஆழம், அதாவது இரண்டு மீட்டருக்கும் கூடுதலாக, இறங்குகிறது. இடையில் 15 செ.மீ. ஆழத்தில் படுத்திருக்கும் குமிழத்துக்கு இன்றைய வெயில் பெரிதாகத் தெரியாது, பருவம் தெரியும். கிணற்று நீர் கோடையில் குளுமையாக இருப்பதும் இந்த விதியால்தான்.

தோட்டக்காரர்கள் ஒரே குழியில் அடுக்கடுக்காக நடுகிறார்கள். தாமதமாகப் பூக்கும் டியூலிப் அடியில். அதற்குமேல் சற்று முந்திப் பூப்பது. எல்லாவற்றுக்கும் மேலே சின்னஞ்சிறு குரோகஸ். ஒன்று வாடும்போது அடுத்தது அதன் இடையிலேயே தலைநீட்டும். பாத்தி வெறிச்சோடுவதே இல்லை.

பூ ஒரு வெப்பமானி

காலையில் தோட்டத்துக்குள் நுழைந்தால் டியூலிப் எல்லாம் கூப்பிய கைபோல் மூடியிருக்கும். வெயில் ஏறினால் கிண்ணமாக விரியும். மாலையில் மறுபடி மூடிக்கொள்ளும். வெளிச்சத்தால் அல்ல, முக்கியமாக வெப்பத்தால்! மூடிய பூவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் சில நிமிடங்களில் விரியத் தொடங்குகிறது.

ஈருலோகப் பட்டையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பித்தளையையும் இரும்பையும் ஒட்டிச் சூடாக்கினால் பித்தளை கூடுதலாக நீளும், பட்டை வளையும். தானாக அணையும் இஸ்திரிப் பெட்டியில் வேலை செய்வது இதுதான். டியூலிப் இதழும் கிட்டத்தட்ட இப்படித்தான். இதழின் உட்புறத் திசு வெதுவெதுப்பில் விரைவாக வளர்கிறது. வெளிப்புறத் திசு அதைவிடக் குளிர்ந்த நிலையில் விரைவாக வளர்கிறது. இரண்டுக்கும் ஏற்ற வெப்பநிலைகளிடையே சுமார் 10 டிகிரி வேறுபாடு இருப்பதாக 1953-இல் ஒரு சோதனை காட்டிற்று. வெயிலில் உட்புறம் நீள, இதழ் வெளியே வளையும், பூ விரியும். குளிரில் வெளிப்புறம் நீள, பூ மூடும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். உலோகம் குளிர்ந்தால் பழைய நீளத்துக்கே சுருங்கிவிடும். இதழ் சுருங்காது, அது வளர்ச்சி அல்லவா? ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் சற்று நீண்டுகொண்டே போகிறது. முதல் நாள் பூவையும் கடைசி நாள் பூவையும் பக்கத்தில் வைத்தால் பின்னது பெரியதாக இருப்பது இதனால்தான். தன் வாழ்நாளின் வெயிலையெல்லாம் இதழின் நீளத்தில் எழுதிவைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

டியூலிப் கிடைக்காவிட்டால் என்ன? ஒரு புறம் காகிதமும் மறுபுறம் அலுமினியமும் ஒட்டிய மிட்டாய்த் தாளை எடுத்து, நீளவாக்கில் குறுகலாக வெட்டி, மெழுகுவத்திச் சுடருக்கு ஒரு சாண் மேலே இடுக்கியால் பிடியுங்கள். தாள் காகிதப் பக்கமாகச் சுருளும். அலுமினியம் விரிகிறது, காகிதமோ ஈரம் இழந்து சுருங்குகிறது. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு காற்றாலை நிற்கிறது. 1892-இல் கட்டப்பட்டது, வடக்கே கிரோனிங்கன் மாநிலத்தில் தாழ்நிலங்களிலிருந்து நீரிறைத்துக்கொண்டிருந்தது, 1957-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் மேல்தளத்தில் ஏறிப் பார்த்தால் வேலிக்கு அப்பால் விவசாயிகளின் வயல்கள் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பாய் விரித்ததுபோல் தெரியும். இங்குள்ள மண் பழைய கடற்கரை மணல். நிலத்தடி நீர் சுமார் 60 செ.மீ. ஆழத்தில் நிற்கும்படி வாய்க்கால்களாலும் பம்புகளாலும் காக்கிறார்கள். மணல் துகள்களின் இடைவெளிகள் நுண்புழைகள்போல் நீரை மேலே இழுக்கின்றன. ஆரம் 0.05 மி.மீ. உள்ள புழையில் நீர் 30 செ.மீ. ஏறும். வேருக்கு ஈரம் எட்டும். குமிழம் நீரில் மூழ்கி அழுகாது. அந்த 60 செ.மீ. ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் பயிர் பாழ்.

வேறொரு பாத்தியில் மனித முகம்! 2015-இல் ஓவியர் வான் கோ மறைந்து 125 ஆண்டுகள் ஆனதையொட்டி, அவர் முகத்தையே பூக்களால் வரைந்திருந்தார்கள். 2016-இல் நெதர்லாந்தின் 'பொற்காலம்' எனப்படும் 17-ஆம் நூற்றாண்டு கருப்பொருளாயிற்று. இத்தகைய பூ மொசைக்கில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான கோணத்தில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியாது. 5 செ.மீ. இடைவெளியில் உள்ள பூக்கள் ஒன்றாகக் கலந்து தெரிய, நீங்கள் சுமார் 170 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் கலந்து நட்ட பாத்தி செம்மஞ்சளாகத் தோன்றும். ஆனால் பார்வையாளர்கள் பத்து, இருபது மீட்டரில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பூவும் தெரிகிறது, முகமும் தெரிகிறது. மீதி வேலையை மூளை செய்துகொள்கிறது.

கறுப்புப் பூவில் நீல ஒளி

இனி நான் மிகவும் விரும்பும் பூவுக்கு வருவோம். 'குவீன் ஆஃப் நைட்', இரவின் ராணி. கறுப்பு டியூலிப் என்று சொல்வார்கள். உண்மையில் அடர்ந்த கருஞ்சிவப்பு. வெயிலில் இதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் இதழின்மேல் மெல்லிய மினுமினுப்பு ஓடும், நீலமாகக்கூடத் தெரியும். இதழைக் கசக்கிச் சாறு எடுத்தால் அதில் அந்த மினுமினுப்பு இல்லை! அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

சாயத்திலிருந்து அல்ல, வடிவத்திலிருந்து. இதழின் மேல்தோலிலுள்ள மெழுகுப் படலம் வழவழப்பாக இல்லை. ஒரு மைக்ரோமீட்டர் அளவு இடைவெளியில் வரிவரியாக மடிந்திருக்கிறது. சிடி தட்டை வெயிலில் காட்டினால் வானவில் தெரிகிறதே, அங்கே தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒளியின் அலைநீளத்தை நெருங்கிய இடைவெளிகளில் பட்டுத் திரும்பும் கதிர்கள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில திசைகளில் அழிக்கும். எந்த நிறம் எந்தத் திசையில் வலுப்பெறும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. விளிம்பு விளைவு என்று மேல்நிலை வகுப்பில் இதைப் படிப்பீர்கள். அடியிலுள்ள கருஞ்சாயம் மற்ற ஒளியை விழுங்கிவிடுவதால் இந்த மெல்லிய ஒளி நம் கண்ணுக்குத் தப்பாமல் தெரிகிறது.

2009-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், டியூலிப்பிலும் ஒரு செம்பருத்தி இனத்திலும் இந்த வரிகளைக் கண்டார்கள். வண்டுத்தேனீக்கள் இந்த மினுமினுப்பை அடையாளம் கண்டு பழகுகின்றன என்றும் சோதித்துக் காட்டினார்கள். 2017-இல் இன்னொரு வியப்பு. பூவின் வரிகள் சிடியின் தடங்களைப்போல் ஒழுங்கானவை அல்ல. உயரமும் இடைவெளியும் கொஞ்சம் தாறுமாறாக இருக்கின்றன. அந்த ஒழுங்கின்மையால் வானவில் மங்கி, நீலமும் புறஊதாவும் மட்டும் பூவைச் சுற்றிப் பரவலாகச் சிதறுகின்றன. தேனீயின் கண் நன்றாக உணர்வது அந்த நிறங்களைத்தானே! ஒன்றுக்கொன்று உறவில்லாத பல பூக்குடும்பங்களில் இந்த ஒழுங்கின்மை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. நாம் சோதனைச்சாலையில் ஒழுங்கான கீற்றணி செய்யத்தான் பாடுபடுகிறோம். பூவோ ஒழுங்கை அளவாகக் கெடுத்து வைத்திருக்கிறது.

பழைய பூக்களின் பாத்தி

இப்போது, வேலி சூழ்ந்த சிறிய இடம் ஒன்று. வரலாற்றுத் தோட்டம். டியூலிப்பின் கதை முழுவதும் இங்கே பாத்திகளாக இருக்கிறது. பெரிய தோட்டத்தின் பகட்டு இங்கே இல்லை, பூக்களும் சிறியவை. அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நாம் நிற்போம்.

துருக்கி வழியாக ஐரோப்பாவுக்கு வந்த டியூலிப்பை நெதர்லாந்தில் நிலைநாட்டியவர் கரோலஸ் குளூசியஸ் என்னும் தாவரவியல் அறிஞர். 1593-இல் இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள லைடன் பல்கலைக்கழகத்தின் தோட்டத்துக்கு அவர் வந்தார். அடுத்த ஆண்டு அங்கே டியூலிப் பூத்தது. ஒரே நிறமாகப் பூத்த செடி பிறகு கோடுபோட்டுப் பூப்பதையும், அப்படிப் பூத்த செடி நாளடைவில் நலிந்து மடிவதையும் அவர் அப்போதே கவனித்து எழுதினார். நல்ல கண்! ஆனால் காரணத்தைக் காண அவரிடம் கருவி இல்லை.

விலை ஏறியதற்கு அந்த நலிவும் ஒரு காரணம் என்பதைக் கவனியுங்கள். டியூலிப் விதையிலிருந்து முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே தாய்க் குமிழத்தின் பக்கத்தில் பிறக்கும் குட்டிக் குமிழங்களைப் பிரித்து நட்டுத்தான் பெருக்குவார்கள். கோடுபோட்ட செடியோ குட்டி போடுவதில் மிகக் கஞ்சம். எல்லோரும் விரும்பிய செடி பெருகவே மறுத்தது. விலை ஏறாமல் என்ன செய்யும்? சிவப்புப் பூவைக் கோடாக்க விவசாயிகள் பாத்தியில் சாயப்பொடி தூவினார்கள். புறாவின் எச்சத்தைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள். இடையில் எங்காவது ஒரு பூவில் கோடு விழும். பொடி தூவியதால்தான் விழுந்தது என்று நம்பிவிடுவார்கள். தூவாத பாத்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1637 பிப்ரவரி தொடக்கத்தில் ஹார்லெம் நகரத்தில் ஒரு நாள் வாங்க ஆள் வரவில்லை. ஆல்க்மார் ஏலம் அதற்குப் பின்தான் நடந்தது. செய்தி அங்கே எட்டவில்லை போலும். சில நாட்களில் விலைகள் சரிந்தன. நாடே திவாலாகிவிட்டது என்று வழக்கமாக எழுதுவார்கள். அது மிகை. பழைய பத்திரங்களைத் துருவிய வரலாற்று ஆய்வாளர்கள், அழிந்துபோனவர்கள் மிகச் சிலரே என்று கண்டிருக்கிறார்கள்.

இனி விடை. 1928-இல் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சிக்கூடத்தில் டோரதி கேலி என்னும் பெண் விஞ்ஞானி ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கோடுபோட்டுப் பூக்கும் குமிழத்தைப் பாதியாக வெட்டி, ஒரே நிறமாகப் பூக்கும் குமிழத்தின் பாதியோடு ஒட்டவைத்து நட்டார். அவற்றுள் சிலவற்றில், ஒரே நிறமாகப் பூக்க வேண்டிய பாதியும் கோடுபோட்டுப் பூத்தது. ஏதோ ஒன்று ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குத் தொற்றியிருக்கிறது! அது ஒரு வைரஸ். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் அதைச் செடிக்குச் செடி கடத்துகின்றன என்பதும் விரைவில் தெரிந்தது.

இதழின் அடித்திசு வெள்ளை அல்லது மஞ்சள். அதன்மேல் தோலில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு, ஊதாச் சாயம் படிகிறது. வைரஸ் புகுந்த செடியில் சாயம் உண்டாவது திட்டுத்திட்டாகத் தடைப்படுகிறது. தடைப்பட்ட இடத்தில் அடியிலுள்ள வெள்ளை தெரிகிறது; மற்ற இடத்தில் சாயம் நிற்கிறது. இதுதான் அந்தத் தீச்சுவாலைக் கோடு. 14 ஆண்டுக் கூலி கொடுத்து வாங்கியது ஒரு நோயை!

ஏன் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை? இந்த வைரஸ் ஒரு வளையும் நூல். நீளம் சுமார் 750 நானோமீட்டர், அகலம் 13 நானோமீட்டர் அளவே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்கும் குறைவான நுட்பங்களைச் சாதாரண நுண்ணோக்கி காட்டாது. கண்ணாடியை எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டினாலும் காட்டாது. 1931-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறந்த பிறகே வைரஸைக் காணும் வழி திறந்தது. புகையிலைச் செடியின் நோய் ஒன்றுக்குப் பாக்டீரியாவைவிடச் சிறியதொரு தொற்றுப்பொருள் காரணம் என்று 1898-இலேயே கூறி, அதற்கு வைரஸ் என்ற சொல்லைக் கையாண்டவர் பெய்ஜரிங்க். அவர் இருந்தது இதே நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில்.

சரி, வரலாற்றுப் பாத்தியில் எதை நடுவது? இதுதான் சிக்கல். 17-ஆம் நூற்றாண்டின் பாத்தி என்றால் கோடுபோட்ட பூ வேண்டும். உண்மையான கோட்டுப் பூவை நட்டால் அதிலிருந்து அசுவினி நோயைச் சுமந்து பக்கத்துப் பாத்திக்கும், வேலி தாண்டி விவசாயியின் வயலுக்கும் போய்விடும். ஆகவே இன்று கடையில் 'ரெம்பிராண்ட் டியூலிப்' என்று விற்கப்படும் கோட்டுப் பூக்கள் நோயற்றவை. கோடு மரபணுவிலேயே அமைந்தவை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரிப் பூக்கும். (ரெம்பிராண்ட் பூ ஓவியங்களுக்குப் பெயர்போனவர் அல்லர். வியாபாரப் பெயர்தானே!) பழைய ஓவியங்களிலுள்ள பூவோடு இவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். புதியதில் பட்டை பட்டையாக வண்ணம் பூசியதுபோல் இருக்கும். பழையதில் மயிலிறகின் இழைபோல் அவ்வளவு நுணுக்கம். பார்த்தவர்கள் பித்துப் பிடித்து அலைந்ததில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பழைய பூக்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. வடக்கே லிம்மன் என்ற ஊரில் ஹோர்ட்டஸ் புல்போரம் என்னும் பழங்குமிழக் காப்பகம் உள்ளது. 1595-ஆம் ஆண்டினதாகக் குறிக்கப்படும் 'டியூக் வான் டோல்' முதலிய வகைகளைத் தலைமுறை தலைமுறையாக அங்கே காப்பாற்றி வருகிறார்கள். 'சோமர்ஸ்கோன்' என்ற கோட்டு டியூலிப் 1620-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; நோயைச் சுமந்துகொண்டே 400 ஆண்டுகளாக வாழ்கிறது. எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததாகப் பேசப்பட்ட 'செம்பர் அகஸ்டஸ்' மட்டும் இல்லை. நோய் அதை நலியச் செய்து முடித்துவிட்டது. ஓவியத் தாள்களில்தான் இனி அதைப் பார்க்கலாம்.

காற்றாலையின் மேலிருந்து பார்த்தோமே, அந்த வயல்களில் ஏப்ரல் மாதம் சிலர் வரிசை வரிசையாக மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார்கள். டச்சு மொழியில் அவர்களுக்கு 'நோய் தேடுபவர்' என்று பெயர். லட்சக்கணக்கான சிவப்புப் பூக்களுக்கு நடுவே எங்காவது ஒன்றில் வெள்ளைக் கீற்றோ, இலையில் வெளிறிய திட்டோ தெரிகிறதா என்று பார்ப்பதே வேலை. இப்போது புகைப்படக் கருவி பொருத்திய இயந்திரங்களும் சில வயல்களில் இந்த வேலையைச் செய்கின்றன. கோடு தெரிந்துவிட்டால் செடியைக் குமிழத்தோடு பிடுங்கி அப்புறப்படுத்துகிறார்கள். ஆல்க்மார் ஏலத்தில் அந்த ஒரு குமிழத்துக்கு என்ன விலை கேட்டிருப்பார்களோ!